ஆபரேஷன் பிரசவம்: வீட்டுக்காரர் எங்கே இருக்கணும்?



போன மாதம் ஏற்காட்டில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி நோட்டை மூடும் நேரத்தில் ஒரு சகோதரி பேச ஆரம்பித்தார். "எனக்கு தேதி குறிச்சுத்தான் ஆபரேஷன் பண்ணினாங்க. முழிச்சுத்தான் இருந்தேன். சுத்தி எல்லாரும் முகத்த மூடிக்கிட்டு நிக்கிறாங்க. தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருந்தா போதும்னு இருந்துச்சு."

அவர் வீட்டுக்காரர் வெளியே மரத்தடியில் இருந்தாராம். கையெழுத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டதோடு சரி. "உள்ள என்ன நடக்குதுன்னே தெரியல. கதவு தொறக்கும்போதெல்லாம் ஓடி ஓடிப் போய்ப் பார்த்தேன்" என்று பிறகு அவரே என்னிடம் சொன்னார். அம்மாவுக்கு உள்ளே பயம், அப்பாவுக்கு வெளியே பயம்.

இது ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் சுமார் 45 ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் 36, தனியாரில் 64 பக்கம். (இவ்வளவு தேவையா என்பது தனிக் கேள்வி. இன்னொரு இதழில் பேசுவோம்.) முதல் பிரசவம் ஆபரேஷன், குழந்தை குறுக்கே கிடக்கிறது, நஞ்சு கீழே இருக்கிறது என்றால் டாக்டர் முன்கூட்டியே தேதி சொல்லிவிடுவார். பெரும்பாலும் முதுகில்தான் ஊசி. இடுப்புக்குக் கீழே மரத்துப் போகும், நினைவு இருக்கும். நெஞ்சுக்கு முன்னால் துணி கட்டி மறைத்திருப்பார்கள். குழந்தையைச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். தையல் போடத்தான் அரை மணிக்கு மேல் ஆகும். அந்த அரை மணி நேரம்தான் அம்மாவுக்கு நீளமாகத் தெரியும்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் இப்படி முதுகில் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு அப்பாவையும் உள்ளே விடுகிறார்கள். ஆஸ்பத்திரி உடுப்பு, தொப்பி, முகமூடி போட்டு அம்மாவின் தலைமாட்டில் உட்கார வைப்பார்கள். துணி மறைப்பதால் வெட்டுவது தெரியாது. ரத்தம் பார்த்தால் மயங்கிவிடுவேனோ என்று பயந்து போனவர்கள், அவள் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்ததில் பயமே மறந்தது என்கிறார்கள். தையல் போடும் நேரத்தில் குழந்தை அப்பா கையில் இருக்கும். முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால் மட்டும் அவரை வெளியே இருக்கச் சொல்வார்கள்.

நம் ஊரில்? பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண் இருக்கலாம் என்பதைத் தமிழ்நாடு அரசு 2004 வாக்கிலேயே கொண்டுவந்தது. 2016-ல் மத்திய அரசும் அதைச் சொன்னது. மற்ற பெண்களுக்கு மறைப்பு வசதி இருக்கும் இடத்தில் கணவரும் இருக்கலாம் என்றது. ஆனால் அது சுகப்பிரசவ அறைக்கான பேச்சு. ஆபரேஷன் தியேட்டருக்குள் அரசு ஆஸ்பத்திரியில் பொதுவாக யாரையும் விடுவதில்லை. கிருமி தொற்றக்கூடாது, அடுத்தடுத்து ஆபரேஷன் இருக்கும், வேறு பெண்களும் படுத்திருப்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. ஆனால் "ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை" என்று விரட்டுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

தேதி தெரிந்த பிரசவம் என்பதால் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. எஸ்டேட் வேலையோ, பெங்களூர் வேலையோ, முன்னாடியே லீவு சொல்லலாம். முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்றாலும் அந்த நாலு நாளைக்கு அவர் வரட்டும். செக்கப்புக்கு ஒரு தடவையாவது கூட அழைத்துப் போங்கள். "இவர் எதுவரைக்கும் வரலாம்? குழந்தையை முதலில் யார் கையில் கொடுப்பீங்க? தையல் முடிஞ்சதும் பக்கத்தில் இருக்கலாமா?" என்று அப்போதே கேளுங்கள். கத்தி வைக்கிற அன்றைக்குக் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரம் இருக்காது.

உள்ளே விடாவிட்டாலும் அவருக்கு வேலை இருக்கிறது. ரத்தம் தேவைப்பட்டால் கொடுக்க ஆள் தயாராக வைப்பது அவர் பொறுப்பு. ஆபரேஷன் ஆனாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க முயற்சி செய்யலாம். அம்மாவால் புரண்டு படுக்க முடியாது, குழந்தையைப் பிடித்துக் கொடுக்க ஆள் வேண்டும். சேனை வைக்கிறேன், சர்க்கரைத் தண்ணி தருகிறேன் என்று வருகிற பெரியவர்களிடம் அவர் சொன்னால் கொஞ்சம் எடுபடும். குழந்தை குளிர்ந்துபோனால் நர்சிடம் கேட்டு, சட்டையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொள்ளலாம். அப்பா நெஞ்சிலும் அதே சூடுதான். வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வாரத்துக்குத் தண்ணிக் குடம், விறகுக் கட்டு எல்லாம் அவர் பாடு.

ஒருமுறை வயிற்றில் தையல் போட்டவர்கள் அடுத்த பிரசவத்துக்கு வலி வரட்டும் என்று மலையில் காத்திருக்காதீர்கள். சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. எப்போது கீழே வரணும் என்று டாக்டரிடம் கேட்கும்போதும் வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்கட்டும்.

முதலில் சொன்னேனே, அந்தச் சகோதரிக்கு இப்போது ஏழாவது மாதம். வரும் செவ்வாய்க்கிழமை செக்கப்புக்கு அவரும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.