பத்து பேர் எஸ்கேப்... மிச்சம் ரெண்டே ரெண்டு!

ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டி இருப்பது கலிஃபோர்னியாவில். பக்கத்துக் கடல் பசிபிக். ஆனா, அதோட டீம்கள் இப்போ ஆடுற லீக் பேரு 'அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்'! 'பிக் டென்'னு ஒரு லீக்... அதில் 18 காலேஜ். 'பிக் 12'-ல் 16. கணக்கு டீச்சர் கேட்டா மயங்கி விழுந்துடுவார். எல்லாம் டி.வி. காசு பண்ற வேலை பாஸ்!

அமெரிக்காவில் சனிக்கிழமைன்னா காலேஜ் ஃபுட்பால்தான். (நம்ம கால்பந்து இல்லீங்க. முட்டை மாதிரி பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுவாங்களே, அது!) அக்கம்பக்கத்து காலேஜ்கள் சேர்ந்து அமைக்கிற லீக்தான் கான்ஃபரன்ஸ். எந்த மேட்ச் டி.வி.யில வரணும்னு ஒரு காலத்தில் என்.சி.ஏ.ஏ. அமைப்புதான் முடிவு பண்ணும். ஒக்லஹாமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் கேஸ் போட, 1984-ல் சுப்ரீம் கோர்ட் 7-2 என்று அந்தப் பிடியை உடைத்தது. தீர்ப்பை ஏற்காத இரண்டு பேரில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். காசு ஆட்டத்தை மாற்றிவிடும் என்று கவலைப்பட்ட அவரே கொலராடோ காலேஜின் பழைய ஃபுட்பால் ஸ்டார்!

அவர் பயந்த மாதிரியேதான் ஆச்சு.

1915-ல் தொடங்கிய மேற்குக் கடற்கரை லீக் 'பேக் 12'. 2022 ஜூன் கடைசியில் லாஸ் ஏஞ்சலீஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும் பிக் டென்னுக்குத் தாவுவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டிலேயே பிக் டென் போட்ட டி.வி. ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கும் மேல்! லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற பெரிய ஊரை இழந்த பேக் 12-க்கு நல்ல விலை தர சேனல்கள் தயாராக இல்லை. கடைசியில் கையில் இருந்தது ஆப்பிள் கம்பெனியின் ஆஃபர். எத்தனை பேர் சந்தா கட்டுறாங்களோ அதைப் பொறுத்து காசு. யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது?

2023 ஜூலையில் கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஐந்து விக்கெட்! ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அவுட். மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். ரெண்டும் சின்ன ஊர் காலேஜ்கள். நல்லா ஆடலையான்னா, அது பிரச்னையே இல்லை. அந்த ஊர்களில் டி.வி. வீடுகள் கம்மி, அவ்வளவுதான்.

இதில் நிஜமாக மாட்டிக்கிட்டது யாருன்னா, ஃபுட்பால் அல்லாத பசங்களும் பொண்ணுங்களும். ஃபுட்பாலில் சீசனுக்கு 12 மேட்ச், பெரும்பாலும் சனிக்கிழமை. சாஃப்ட்பால், வாலிபால் அப்படியா? வார நாளிலும் ஆடணும். யு.சி.எல்.ஏ.விலிருந்து பிக் டென்னில் இருக்கும் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸுக்குக் கிட்டத்தட்ட 4,000 கி.மீ. கடிகாரமே மூணு மணி நேரம் மாறிடும். ஃப்ளைட்டில் அசைன்மென்ட், ஏர்போர்ட்டில் தூக்கம், மறுநாள் காலையில் கிளாஸ்! டி.வி. ஒப்பந்தத்தில் இவர்கள் ஆட்டத்துக்கு விலையே கிட்டத்தட்ட இல்லை. லீக் மாறலாமான்னு இவர்களிடம் யாரும் ஓட்டு கேட்கவும் இல்லை.

விடப்பட்ட ரெண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. "போறேன்னு சொன்னவங்களுக்கு போர்டில் என்ன வேலை?" என்று கோர்ட்டுக்குப் போனார்கள். லீக்கின் சட்டதிட்டமே அவர்கள் பக்கம். 2023 நவம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் விட்மன் கவுன்ட்டி கோர்ட், நிர்வாகத்தை இந்த இருவர் கையில் கொடுத்தது. டிசம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட்டும் அதில் தலையிட மறுத்தது. சூப்பர்ல!

2024 செப்டம்பரில் போய்ஸ் ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட் உட்பட புது ஆட்களைச் சேர்த்தார்கள். ஆனால் அவர்கள் வருவது 2026 ஜூலையில் என்று ஏற்பாடு. அதுவரை? ரெண்டே டீம் லீக்! 2025 ஃபுட்பால் சீசனில் வேறு ஆள் கிடைக்காமல் இவர்களே ரெண்டு முறை மோதிக்கொண்டார்கள். அவங்கவங்க ஊர் மேட்ச்சில் அவங்கவங்க ஜெயிச்சாங்க.