புது பைக்கில் திருப்பதிக்கு

சித்தூரில் ஒரு வீடு. வாசலில் புது பைக் நிற்கிறது. பூஜை முடிந்தது. சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியும் ஆயிற்று.

"முதல் பயணம் திருப்பதிக்குத்தான். நாளைக்கு விடியற்காலையிலேயே கிளம்பிடலாம்" என்றார் கணவர்.

"எனக்கு ஹெல்மெட்?" என்று கேட்டார் மனைவி.

"நீ பின்னாலதானே உட்காரப் போற? உனக்கு எதுக்கு?"

"ஏங்க, கீழே விழுந்தா உங்க தலை மட்டும்தான் தரையில படுமா?"

கணவரால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா கேட்டது சரியான கேள்வி. பல வீடுகளில் இதை யாரும் கேட்பதே இல்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அந்த ஒரே ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 50,029 பேர் ஹெல்மெட் போடாமல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அதிலும் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்ல. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்.

ஹெல்மெட் என்ன செய்கிறது?

ஹெல்மெட்டின் வெளிப்பக்கம் கெட்டியான ஓடு. உள்ளே தெர்மாகோல் போன்ற பொருள் இருக்கும். தலை தரையில் மோதும்போது இந்தப் பொருள் நசுங்கும். அடியின் வேகத்தை அது வாங்கிக்கொள்ளும். மூளைக்குப் போகும் அதிர்ச்சி குறையும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். தாடைக்குக் கீழே பட்டையை மாட்டுங்கள். பட்டை மாட்டாத ஹெல்மெட் விழும்போது கழன்று ஓடிவிடும். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது. வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே நசுங்கியிருக்கும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இல் வந்தது. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருமே ஹெல்மெட் போட வேண்டும் என்கிறது அந்தச் சட்டம்.

சேலை பத்திரம்

பின்சக்கரம் வேகமாகச் சுற்றும். சேலைத் தலைப்போ துப்பட்டாவோ அதில் சிக்கினால் நொடியில் ஆளை இழுத்துக் கீழே தள்ளிவிடும். அதனால்தான் பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு வேண்டும் என்பது விதி. இதைச் சேலை கார்டு என்கிறோம். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் வேண்டும். அழகு கெடுகிறது என்று சிலர் சேலை கார்டைக் கழற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தால் வண்டி ஆடாது. வளைவில் வண்டி சாயும்போது நீங்களும் கூடவே சாயுங்கள். பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஓட்டுபவர் தடுமாறுவார்.

புத்தகத்தைப் படியுங்கள்

புது பைக்கோடு ஒரு புத்தகம் தருவார்கள். பலர் அதைப் பிரிப்பதே இல்லை. நமக்குத்தான் இப்போது படிக்கத் தெரியுமே! உட்கார்ந்து படியுங்கள்.

புது என்ஜினின் பாகங்கள் ஒன்றோடு ஒன்று பழக வேண்டும். அதனால் முதல் சில நூறு கிலோமீட்டர் வரை அதிக வேகம் கூடாது. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம், முதல் சர்வீஸ் எப்போது என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு பேர் போகும்போது பின்டயரில் காற்று கூடுதலாக வேண்டும். அந்த அளவும் அதில் உண்டு.

சாலையில்

சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்ட வேண்டாம். வழியில் சற்று விலகினால் காணிப்பாக்கம் விநாயகர் கோயில் இருக்கிறது. திருப்பதிக்கு முன்பாகச் சந்திரகிரி வரும். விஜயநகர மன்னர்களின் கோட்டை அங்கே உள்ளது. அரண்மனையில் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது. இறங்கிப் பாருங்கள். உடம்புக்கும் ஓய்வு கிடைக்கும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் ஓடிவிடும். முன்னால் போகும் லாரி நிற்பதைக் கண் பார்க்க வேண்டும். பிறகுதான் கை பிரேக்கைப் பிடிக்கும். அதற்கே ஒரு நொடி ஆகிவிடும். இரண்டு பேர் இருந்தால் வண்டி நிற்க இன்னும் தூரம் வேண்டும். ஆகவே லாரியை ஒட்டிப் போகாதீர்கள். முன்பிரேக், பின்பிரேக் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகுங்கள்.

மலைச்சாலை

திருப்பதியிலிருந்து திருமலைக்கு 1944இல் முதல் மலைச்சாலை வந்தது. 1974இல் இரண்டாவது சாலை வந்தது. இப்போது புதிய சாலையில் ஏறுகிறோம். பழைய சாலையில் இறங்குகிறோம். அலிபிரியில் வண்டியை நிறுத்திச் சோதனை செய்வார்கள். இரவில் இருசக்கர வண்டிகளை விடுவதில்லை. இந்த நேரம் அவ்வப்போது மாறும். கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். இறக்கத்தில் வண்டி தானாகவே வேகம் எடுக்கும். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அது சூடாகும். மிகவும் சூடானால் சரியாகப் பிடிக்காது. வளைவில் அப்படி ஆனால் என்ன ஆகும்?

இதற்கு ஒரு வழி உண்டு. குறைந்த கியரில் இறங்குங்கள். அப்போது என்ஜினே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பிரேக்குக்கு வேலை குறையும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கிளட்சைப் பிடித்தபடி இறங்காதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்துவிட்டும் இறங்காதீர்கள். கொஞ்சம் பெட்ரோல் மிச்சமாகலாம். உயிர் போனால் வருமா?

கிளம்பினார்கள்

அந்தச் சித்தூர்த் தம்பதி மறுநாள் விடியற்காலையில் கிளம்பவில்லை. கடை திறக்கும்வரை காத்திருந்தார்கள். இன்னொரு ஹெல்மெட் வாங்கினார்கள். அந்த அம்மா போட்டுப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. கணவரே பட்டையை மாட்டிவிட்டார்.

"இப்ப போலாமா?" என்று கேட்டார் கணவர்.

"மெதுவாப் போங்க" என்றார் மனைவி.

உங்கள் வீட்டு வண்டிக்கு எத்தனை ஹெல்மெட் இருக்கிறது? எண்ணிப் பாருங்கள்.