மெய்நிகர் குழுக்களை வழிநடத்தல்: மதுரைத் திட்டத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஓரிடத்தில் கூடாமல் மின்னஞ்சல், இணையம் ஆகியவற்றின் வழி இணைந்து பணியாற்றும் குழு மெய்நிகர் குழு எனப்படுகிறது. இத்தகைய குழுவில் தலைமையின் ஆற்றல் உறுப்பினரைக் கண்காணிப்பதைவிடப் பணியை வடிவமைப்பதிலேயே வெளிப்படுகிறது. இக்கருத்தைத் தமிழ் மின்னூல் முயற்சியான மதுரைத் திட்டத்தைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச் சொற்கள்: மெய்நிகர் குழு, தலைமைத்துவம், மதுரைத் திட்டம், மின்னூல், தன்னார்வப் பணி.

முன்னுரை

பதிப்பு, சொற்றொகுப்பு, தரவகம் முதலிய ஆய்வுப் பணிகளில் வெவ்வேறு ஊர்களிலும் நாடுகளிலும் வாழ்வோர் இணைந்து செயற்படுவது இன்று இயல்பாகிவிட்டது. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இம்முறையைப் பரவலாக்கியது. எனினும் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் இதற்கொரு முன்மாதிரி தோன்றிவிட்டது. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டமே அது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதன் தலைவராகவும், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பணியாற்றிய முனைவர் குமார் மல்லிகார்ச்சுனன் துணைத் தலைவராகவும் பொறுப்பேற்றனர். தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் விலையின்றி வழங்குவது அதன் நோக்கமாகும்.

தொலைவும் நம்பிக்கையும்

மெய்நிகர் குழுவின் முதற்சிக்கல் மௌனம். அனுப்பிய மடலுக்கு மறுமொழி வராதபோது அதனை உடன்பாடு என்றோ, மறுப்பு என்றோ, அக்கறையின்மை என்றோ பிறர் கருதக்கூடும். உண்மையில் எதிர்முனையில் இருப்பவர் வெளியூர் சென்றிருக்கலாம், இணைப்புப் பழுதாகியிருக்கலாம். தொலைநிலைக் குழுக்களை ஆராய்ந்த கேத்தரின் கிராம்டன் (2001) இத்தகைய தவறான பொருள்கோடலைப் பொது அறிதல் குறைபாடுகளுள் ஒன்றாகக் காட்டியுள்ளார். ஜார்வன்பா, லீட்னர் ஆகியோரின் ஆய்வு (1999) இத்தகைய குழுக்களில் நம்பிக்கை எளிதில் குலையக்கூடியது என்பதையும், எதிர்பார்க்கத்தக்க ஒழுங்கில் வரும் மறுமொழிகள் அதனைக் காக்கின்றன என்பதையும் எடுத்துரைக்கிறது.

மதுரைத் திட்டத்தின் சூழல் இன்னும் கடினமானது. குளிர்காலத்தில் லோசானுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே நான்கரை மணி நேரமும், வர்ஜீனியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே பத்தரை மணி நேரமும் வேறுபாடு உண்டு. பங்கேற்றோர் ஊதியம் பெறாத தன்னார்வலர் ஆதலின் ஆணையிடவோ தண்டிக்கவோ தலைமைக்கு வழியில்லை. ஆகவே தலைமை தன் கருத்தைப் பணியின் அமைப்பில் செலுத்த வேண்டியதாயிற்று.

பணிப் பகுப்பு

ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றொருவர் மெய்ப்புத் திருத்த, அதன்பின் வலைப்பக்கக் கோப்பாகவும் பிடிஎஃப் கோப்பாகவும் நூல் வெளியிடப்பட்டது. இப்பகுப்பில் அனைவரும் ஒரே நேரத்தில் கூட வேண்டிய தேவை எழவில்லை. அவரவர் ஓய்வு நேரத்திற்கேற்பப் பணி நகர்ந்தது. பின்னாளில் ஒரு நூலைப் பலர் பகிர்ந்து மெய்ப்புப் பார்க்கும் முறையும் கையாளப்பட்டது. முழுநூலை ஏற்கத் தயங்குபவரும் சில பக்கங்களை ஏற்க முடியும். ஒருவர் விலகினால் அவர்தம் பகுதி மட்டுமே தாமதமுறும். இவ்வகையில் பணியலகு சிறுத்தபோது மௌனத்தால் விளையும் இழப்பும் சிறுத்தது.

பொதுத் தரம்

1990களில் தமிழ் எழுத்துருக்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் குறியாக்கம் கொண்டிருந்தன. ஒன்றில் தட்டச்சு செய்தது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். எனவே குழு முழுவதற்கும் பொதுவான குறியாக்கம் இன்றிப் பணிப் பகுப்பு பயனளித்திராது. தொடக்கத்தில் மயிலை, இணைமதி எழுத்துருக்களும், 1999 முதல் திஸ்கி எனப்படும் தகுதரக் குறியாக்கமும், 2004 முதல் ஒருங்குறியும் பயன்பட்டன. அருகில் அமர்ந்து பணியாற்றுவோர் வாய்மொழியாகத் தீர்த்துக்கொள்ளும் ஐயங்களைத் தொலைவில் இருப்போருக்கு முன்கூட்டியே எழுதப்பட்ட தரம் தீர்க்கிறது.

பெயர்ப்பதிவு

மதுரைத் திட்ட மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தவர், மெய்ப்புத் திருத்தியவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெறுகின்றன. முகப்புப் பகுதியை மாற்றாமல் வைத்திருந்தால் கோப்பினை எவரும் பிறருக்கு வழங்கலாம் என்பது வெளியீட்டு விதி. இவ்விதி இரு பயன்களைத் தருகிறது. கோப்பு செல்லுமிடமெல்லாம் உழைத்தவரின் பெயரும் செல்கிறது. பிழை காணும் வாசகருக்குப் பொறுப்புடையோர் யாவர் என்பதும் தெரிகிறது. ஊதியமில்லாப் பணியில் இப்பெயர்ப்பதிவே கைம்மாறாகவும் பொறுப்பாகவும் நின்றது. கூட்டாய்வுகளில் தரவு திரட்டிய மாணவரும் தட்டச்சு செய்தோரும் நன்றியுரையின் ஒரு வரியில் பெயரின்றி அடங்கிவிடும் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுக் காணலாம்.

வரம்புகள்

இவ்வமைப்புக்கு வரம்புகளும் உள. தொடக்கக்கால மின்னூல்கள் சிலவற்றின் முகப்பில் உழைத்தோர் பெயர் இருப்பினும் அடிப்படையாகக் கொண்ட அச்சுப் பதிப்பின் விவரம் இல்லை. பாடவேறுபாடு நோக்கும் ஆய்வாளர் இவற்றை அச்சுப் பதிப்போடு ஒப்பிட்டே ஆள வேண்டியுள்ளது. எதைப் பதிவு செய்ய வேண்டும் எனத் தொடக்கத்தில் வகுக்கப்படாத ஒன்றைப் பல நாடுகளில் சிதறிய குழுவிடமிருந்து பின்னர் திரட்டுதல் அரிது. மேலும், தன்னார்வப் பணியில் காலவரையறையை வற்புறுத்த இயலாது. எந்நூல் முதலில் வெளிவரும் என்பதைத் தன்னார்வலரின் விருப்பமும் ஓய்வுமே பெரிதும் முடிவு செய்கின்றன.

முடிவுரை

மெய்நிகர் குழுவை வழிநடத்துவோர் அடிக்கடி கூட்டம் கூட்டுவதாலும் இணைப்பில் இருக்கும் நேரத்தைக் கணக்கிடுவதாலும் மட்டும் பயன் விளைவதில்லை. பணியைத் தனித்து முடிக்கத்தக்க அலகுகளாகப் பகுத்தல், தரத்தை எழுத்தில் முன்வைத்தல், உழைத்தோர் பெயரைப் படைப்போடு பிணைத்தல், மூலத்தை முதல் நாளிலிருந்தே பதிவு செய்தல் ஆகிய நான்கும் இக்காலத் தமிழ்க் கூட்டாய்வுகளுக்கு இன்றியமையாதன. முதல் மூன்றினை மதுரைத் திட்டத்தின் வெற்றியிலிருந்தும், நான்காவதை அதன் குறையிலிருந்தும் அறிய முடிகின்றது.