மீனாட்சி எங்கும் போய்விடவில்லை

ஊர் மாறுகிறது, மனுஷன் மாறுகிறான். அதற்காகச் சாமி விஷயத்திலும் கை வைக்கலாமா? டீக்கடையில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். உட்காருங்கள், சொல்கிறேன்.

1939 ஜூலை 8 காலை. காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஆறு பேரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். ஐந்து பேர் தாழ்த்தப்பட்டவர்கள், ஒருவர் நாடார். பின்னாளில் அமைச்சரான கக்கனும் அதில் உண்டு. கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர்.எஸ். நாயுடு துணையாக நின்றார். அவர்கள் அம்மனைக் கும்பிட்டார்கள், திரும்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் கோயில் தீட்டுப்பட்டுவிட்டது, சுத்தி செய்யாமல் பூஜை கிடையாது என்று பட்டர்களில் பலர் விலகிக்கொண்டார்கள். அம்மனே வெளியேறிவிட்டாள் என்று சொல்லி, தமிழ்ச் சங்கம் சாலையில் ஒரு வீட்டில் மீனாட்சிக்குத் தனியாக வழிபாடே தொடங்கிவிட்டார்கள். விலகியவர்கள் கோயிலுக்குத் திரும்பச் சில வருஷங்கள் பிடித்தன.

அந்த நாளில் உள்ளே போனவர்மேலும் விட்டவர்மேலும் வழக்குப் போடலாம். அதனால் ராஜாஜி அரசின் அவசரச் சட்டம் வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. ஏன் என்றால், 1908-இல் கமுதிக் கோயில் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், நாடார்களுக்கு உள்ளே நுழைய உரிமையில்லை என்று தீர்ப்பாகியிருந்தது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரம் ஊர் வழக்கம். ஊர் கூடி மாற்றிக்கொண்டிருக்கக்கூடிய ஒன்றைக் கோர்ட்டு முத்திரை குத்தி இறுக்கிவிட்டது. பிறகு அதையே தர்மம் என்று நம்பி ஒரு தலைமுறை வளர்ந்தது.

இன்று ஒன்றை மாற்றினால் நாளை இன்னொன்று, கடைசியில் என்னதான் மிஞ்சும் என்ற பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. தாத்தா கும்பிட்டபடியே கும்பிட வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. ஆனால் மதுரையில் எது மாறியது? கால பூஜைகள் இருக்கின்றன, சித்திரையில் திருக்கல்யாணம் நடக்கிறது. உள்ளே வந்தவர்கள் புதிதாக ஒரு கொள்கையும் கொண்டுவரவில்லை. அம்மனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்தக் கோயிலின் நம்பிக்கையை அவர்களைவிட முழுசாக நம்பியவர் யார்? ஆளைத் தள்ளி நிறுத்தும் வழக்கம் காலத்தோடு போகட்டும். அதோடு பக்தி போய்விடாது.

கருவறை வாசலில் மட்டும் பேச்சு இன்னும் முடியவில்லை. அர்ச்சகர் பணிக்கு வாரிசு உரிமை கிடையாது என்று 1970-இல் சட்டம் வந்தது. 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றாலும், நியமனத்தில் ஆகமத்தை மீறக்கூடாது என்றது. பயிற்சி பெற்ற பல சாதியினரை அரசு 2021 ஆகஸ்ட்டில் பணியில் அமர்த்தியதும் மறுபடி வழக்கு. ஆகமம் படித்து, மந்திரம் பிழையில்லாமல் சொல்கிறவரிடம் இன்னமும் பிறப்பைக் கேட்கிறோம். அது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.