விழித்த கணினி, விழிக்காத வைஃபை

மடிக்கணினியின் மூடியைத் திறந்ததும் பாதியில் விட்ட கடிதம் அப்படியே இருக்கிறது. இணையம் மட்டும் இல்லை. வைஃபை பட்டியலே காலியாக இருக்கும். அல்லது இணைந்திருப்பதாகக் காட்டும், ஒரு பக்கமும் திறக்காது. அணைத்து மறுபடி போட்டால் சரியாகிவிடுகிறது. அதனாலேயே பலரும் காரணத்தைத் தேடுவதில்லை. தேடத்தான் வேண்டும்.

கணினியின் உறக்க நிலைகளை வரையறுத்தது, இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. தரநிலை. அதன் எஸ்3 நிலையில் செயலிக்கு மின்சாரம் நின்றுவிடும். ரேமுக்கு மட்டும் சிறிதளவு போய்க்கொண்டிருக்கும். கடிதம் பிழைப்பது அதனால்தான்.

வைஃபை அட்டைக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. அதுவே தனிச் செயலியும் நினைவகமும் உள்ள குட்டிக் கணினி. அதை இயக்கும் ஃபார்ம்வேர் பல அட்டைகளில் நிரந்தரமாகப் பதிந்திருப்பதில்லை. கணினியின் பக்கமிருந்து அட்டையை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் அதை அட்டைக்குள் ஏற்றுகிறது. மின்சாரம் முழுதாக நின்றால் ஃபார்ம்வேர் அழிந்துவிடும். ஆனால் டிரைவர் இருப்பது ரேமில். விழித்ததும் பழைய நினைப்பிலேயே அது அட்டைக்குக் கட்டளை அனுப்பினால், பதில் வராது. உறங்கும்முன் நிலவரத்தைக் குறித்துக்கொண்டு, எழுந்ததும் ஃபார்ம்வேரை மறுபடி ஏற்ற வேண்டியது டிரைவரின் பொறுப்பு. அந்த நேரத்தில் வட்டு விழித்திருக்காமல் போகலாம் என்று கருதி, லினக்ஸ் உறங்கப் போகுமுன்பே ஃபார்ம்வேரின் நகலை ரேமில் எடுத்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு முன்யோசனை!

அட்டை தெளிந்தாலும் ரூட்டர் மறந்திருக்கும். நெடுநேரம் பேச்சில்லாத கருவியை அது பட்டியலிலிருந்து நீக்கிவிடும். எனவே மறுபடி அலைவரிசைகளைத் துழாவ வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் தடங்களில் அட்டை தானாகக் குரல் கொடுக்கக் கூடாது; ரூட்டரின் அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். அது வழக்கமாக 102 மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும். பிறகு மறைகுறியாக்கச் சாவிக்காக நான்கு செய்திகளின் பரிமாற்றம், அதன்பின் ஐ.பி. முகவரி. முகவரி தவணைக்கு வாங்கியது. உறக்கத்தில் தவணை முடிந்திருந்தால் வேறு கருவிக்குப் போயிருக்கலாம். 'இணைந்திருக்கிறது, ஆனால் இணையம் இல்லை' என்ற நிலைக்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய மடிக்கணினிகள் பலவற்றில் எஸ்3 இல்லை. பாதி விழிப்பிலேயே கிடக்கின்றன. அட்டை பெரும்பாலும் மின்சாரத்தை முழுதாக இழப்பதில்லை என்றாலும், ஆழ்ந்த சிக்கன நிலையிலிருந்து எழாமல் போவது அங்கும் நடக்கிறது.

ஆகவே முழுக் கணினியையும் அணைத்துப் போடுவது நல்ல வைத்தியம் அல்ல. எது மறந்தது என்ற தடயத்தையே அது அழித்துவிடுகிறது. முதலில் விமானப் பயன்முறையை இயக்கி நிறுத்துங்கள். சரியானால், பெரும்பாலும் ரூட்டருடனான உறவில்தான் கோளாறு. மற்ற கருவிகளும் அவதிப்பட்டால் ரூட்டரைச் சந்தேகிக்கலாம். சரியாகாவிட்டால், விண்டோஸின் சாதன மேலாளரில் வைஃபை அட்டையை முடக்கி மறுபடி இயக்குங்கள். லினக்ஸில் டிரைவரை இறக்கி ஏற்றுங்கள். இதில் சரியானால் குற்றவாளி பெரும்பாலும் டிரைவரோ ஃபார்ம்வேரோதான்.

மின்சிக்கனத்துக்காக அட்டையை அணைக்கும் அனுமதியை விண்டோஸில் நீக்குவதும் பலருக்குக் கைகொடுக்கிறது. பேட்டரி சற்று விரைவாகத் தீரக்கூடும். டிரைவரைப் புதுப்பிக்கும்போது, தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருளான பயாஸையும் சேர்த்துப் புதுப்பியுங்கள். விழிக்கும் வேளையில் மின்சாரத்தை எந்த வரிசையில் திறந்துவிடுவது என்பதில் அதற்கும் பங்கு உண்டு.