பிரேக் பிடிக்கும் முன்பே பாய்ந்துவிடும் வண்டி!

“ஆயிரத்து ஒன்று” என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். சொல்லி முடிக்க ஒரு வினாடி ஆகும்.

அந்த ஒரு வினாடியில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிள் எவ்வளவு தூரம் ஓடிவிடும் தெரியுமா?

ஏறத்தாழ 17 மீட்டர்! அதாவது, 55 அடி. ஒரு பஸ்சையும், அதன் பின்னால் நிற்கும் காரையும் தாண்டிவிடும்.

ரோட்டில் எமனாக வருவது இந்த ஒரு வினாடிதான்.

எப்படி என்கிறீர்களா?

பந்தை விரட்டிக்கொண்டு ஒரு சிறுவன் ரோட்டுக்குள் ஓடி வருகிறான். கண் அதைப் பார்க்கிறது. மூளைக்குச் செய்தி போகிறது. “பிரேக்கைப் பிடி” என்று மூளை உத்தரவு போடுகிறது. பிறகு கையும் காலும் அசைகின்றன. இவ்வளவும் நடக்க, விழிப்போடு ஓட்டுகிறவருக்கே சுமார் ஒரு வினாடி பிடிக்கும். அதுவரை வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும்!

அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். ஈரம் இல்லாத நல்ல ரோடாக இருந்தால், இன்னும் 20 மீட்டர் ஓடி வண்டி நிற்கும். ஆக மொத்தம் 37 மீட்டர். சிறுவன் நிற்பதோ 20 மீட்டர் தூரத்தில்!

அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால், 13 மீட்டரில் நின்றிருக்கும். பையன் பந்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்.

வேகம் இரண்டு மடங்கு ஆனால், பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடும் தூரம் நாலு மடங்கு ஆகும். “இருபது வருஷமாக ஓட்டுகிறேன்” என்பவருக்கும் இதே கணக்குதான். ரோடு நனைந்திருந்தால் தூரம் இன்னும் கூடும். குனிந்து செல்போனைப் பார்த்தாலோ, அந்த ஒரு வினாடி மூன்று வினாடி ஆகிவிடும். 50 மீட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான்.

லாபம் 5 நிமிஷம்!

இவ்வளவு வேகமாகப் போய் மிச்சம் பிடிப்பது என்ன? 10 கிலோமீட்டர் தூரத்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 15 நிமிஷம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 10 நிமிஷம். லாபம் 5 நிமிஷம். அதுவும், வழியில் சிக்னலும் மாடும் குறுக்கே வராமல் இருந்தால்தான்!

60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவது, நாலாவது மாடியில் இருந்து கீழே குதிப்பதற்குச் சமம். மாடியில் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறோம். ஸ்கூட்டரில் ஏறியதும் அந்தப் பயம் எங்கே போகிறதோ தெரியவில்லை.

உயிர் காக்கும் தொப்பி

‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று புகழ் பெற்ற ஆங்கிலேயர், மோட்டார் சைக்கிள் பிரியர். 1935-ம் ஆண்டு மே 13-ந் தேதி இங்கிலாந்தில் தன் வீட்டின் அருகே வேகமாக வந்தார். முன்னால் சைக்கிளில் இரண்டு பையன்கள்! அவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். மண்டையில் அடி. நினைவு திரும்பாமலே 6-வது நாள் இறந்தார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர்களில் ஒருவர் ஹியூ கெய்ர்ன்ஸ். மூளை ஆபரேஷனில் நிபுணர். லாரன்சின் மரணம் அவர் மனதை விட்டு அகலவில்லை. மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்தார். தலைக்கவசம் உயிரைக் காக்கிறது என்று 1941-ல் எழுதினார். பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்கள் அனைவருக்கும் அதைக் கட்டாயம் ஆக்கியது.

தலைக்கவசத்தில் உயிரைக் காப்பது வெளியே பளபளக்கும் ஓடு மட்டும் அல்ல. உள்ளே தெர்மாகோல் போல ஒரு பகுதி இருக்கிறது. அடி விழும்போது அது நசுங்கி, அடியின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒரு முறை நசுங்கினால் மறுபடி உதவாது. அதனால், பலத்த அடி வாங்கிய கவசத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். தாடையில் பட்டை போடாத கவசம், விழுகிற நேரத்தில் தலைக்கு முன்பே கழன்று ஓடிவிடும்!

2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தலைக்கவசம் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். மத்திய அரசு வெளியிட்ட கணக்கு இது. அந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். கணவர் கவசம் போடுகிறார். மனைவி பூ வைத்துக்கொண்டு பின்னால் அமர்கிறார். ரோட்டுக்கு இருவர் தலையும் ஒன்றுதானே?

பின்னால் அமரும் பெண்கள் சேலைத் தலைப்பையும் துப்பட்டாவையும் மடியில் இறுக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். கிளம்பும்போது சைடு ஸ்டாண்டு ஏறிவிட்டதா என்று பாருங்கள். திருப்பத்தில் அது தரையில் இடித்தால் வண்டி கவிழ்ந்துவிடும்.

தூங்காத டிரைவர்

குடும்பத்தோடு வேன் பிடித்துக் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பகல் முழுவதும் ஓட்டிய டிரைவரை, “விடிவதற்குள் ஊர் போய்விடலாம்” என்று விரட்டாதீர்கள். நள்ளிரவு தாண்டி விடியும் வரை உடம்பு தானாகவே தூக்கத்தைத் தேடும். டீ குடித்தால் சிறிது நேரம் தாங்கும், அவ்வளவுதான். வண்டியை ஓரமாக, பத்திரமான இடத்தில் நிறுத்தி, அவரை அரை மணி நேரம் தூங்க விடுங்கள். ஓரத்தில் விளக்கு இல்லாமல் நிற்கும் லாரி, அரைத் தூக்கக் கண்ணுக்குத் தெரியாது.

விபத்தைக் கண்டால் 108-க்குப் போன் செய்யுங்கள். நினைவு இல்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சுக் குழாயில் இறங்கி, அதுவே ஆபத்தாகிவிடும். கழுத்தை அசைக்காதீர்கள்.

“உதவி செய்தால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும்” என்று பலர் ஒதுங்கிப் போகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். நல்ல எண்ணத்தோடு உதவுகிறவருக்கு 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. அவர் விரும்பாவிட்டால் பெயர், விலாசத்தைக் கூடச் சொல்ல வேண்டியது இல்லை.