களர் நிலமும் ஜிப்ஸமும்

கலங்கிய குளத்து நீரைத் தேற்றாங்கொட்டை தேய்த்த பானையில் ஊற்றினால், மண் அடியிற் படிந்து நீர் தெளிவதை யாவரும் அறிவர். படிகாரமும் அவ்வாறே செய்யும். தனித்து மிதந்த மண்துகள்கள் ஒன்றுகூடித் திரள்வதே இதற்குக் காரணம். களர் நிலத்தின் குற்றமும் அதன் பரிகாரமும் இவ்வியல்பிலேயே அடங்கியுள்ளன.

களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டரினும் சிறியவை. எதிர் மின்னேற்றம் உடையவை. ஆதலால் அவை ஒன்றையொன்று விலக்கும். நீரிற் கரைந்த உப்புகளின் நேர் மின்னேற்றக் கூறுகள் அவற்றைச் சூழ்ந்து அவ்விலக்கத்தைத் தணிக்கும். ஒற்றை மின்னேற்றமுள்ள சோடியத்தினும் இரட்டை மின்னேற்றமுள்ள கால்சியம் இதில் பன்மடங்கு வலியது. இவ்விதியை ஷுல்ட்சே என்பார் 1882-ல் கண்டார். அதன் காரணத்தைச் சோவியத் அறிஞர் தெர்யாகினும் லாண்டவும் 1941-லும், ஹாலந்து அறிஞர் வெர்வேயும் ஓவர்பீக்கும் 1948-லும் கணித முறையில் விளக்கினர்.

கடலோரத்தில் அளவு மீறி இறைக்கும் கிணறுகளில் கடல்நீர் ஊடுருவும். அந்நீரில் சோடியமே மிகுதி. பெரியதாழையை அடுத்த தேரி மணலில் களிமண் குறைவாதலால் தீங்கு சிறிது. களிப்பாங்கான நஞ்சையிலோ பெரிது. உவர்நீர் பாயும் வரை உப்பின் மிகுதியால் துகள்கள் திரண்டேயிருக்கும், கேடு வெளிப்படாது. மழையால் உப்பு கழுவப்பட்டபின், துகள்களைப் பற்றிய சோடியம் எஞ்சி நிற்கும். அப்போது மண் குழம்பித் துளைகளை அடைத்து, காய்ந்ததும் கல்லாய் இறுகும். ஆகையால் இத்தகைய நிலத்தை வெறும் நன்னீரால் மட்டும் கழுவுதல் நன்மையன்று, தீமையே.

இதை எளிதிற் சோதிக்கலாம். கண்ணாடித் தம்ளரில் மழைநீர் நிரப்பி, உலர்ந்த மண்கட்டி ஒன்றைக் கடலையளவு இட்டு, அசைக்காமல் ஒரு நாள் வைக்கவும். கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியக் குற்றம் உண்டென்று ஐயுறலாம். ஜிப்ஸம் கரைத்த நீரில் அதே மண் கலங்காதிருப்பின் பரிகாரமும் புலப்படும்.

பின்னர் மண் பரிசோதனை நிலையத்தில் ஜிப்ஸத்தின் அளவை அறிந்துகொள்க. நிலத்தைச் சமன்செய்து, வரப்பிட்டு, ஜிப்ஸத்தை மேல்மண்ணில் கலந்து, நன்னீர் தேக்கி வடிக்கவேண்டும். கால்சியம் துகள்களைப் பற்ற, விடுபட்ட சோடியம் நீருடன் வெளியேறும். அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதல் நன்று. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 நெல் வகைகளும் உள.

வடிகால் இல்லையேல் இட்ட ஜிப்ஸம் வீணே. ஒருவர் வடித்த நீர் அடுத்தவர் வயலில் தேங்கலாகாது. ஆதலின் பொது வடிகாலை முதலில் தூர்வாரச் செய்வது இன்றியமையாதது.